குச்சிக்கிழங்கு வயலில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழப்பாடி பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி நிலம் உண்டு. நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னிடம் கேள்வி வரும். ஊருக்குப் போனால், "இந்த ஆராய்ச்சியெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" என்பார்கள். கல்லூரியில் பிள்ளைகள், "நிலைத்த வளர்ச்சி பற்றி புராஜெக்ட் செய்யணும் சார், நம்ம ஊரில் என்ன இருக்கு?" என்பார்கள். இரண்டுக்கும் இத்தனை வருடம் வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன? மரம் நடுவதா?

மரம் நடுவது அதில் ஒரு சின்னப் பகுதிதான். ஐக்கிய நாடுகள் அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. இன்றைக்கு நமக்கு வேண்டியதை நாம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நாளைக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுக்க முடியாமல் செய்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். 2015ல் உலக நாடுகள் சேர்ந்து 2030க்குள் எட்ட வேண்டியவை என்று 17 இலக்குகளை வகுத்தன. பசி, தண்ணீர், வேலை, மண் எல்லாம் அதில் வருகின்றன.

ஊர்க்கணக்கில் சொன்னால், ஏரியில் வண்டல் எடுக்கலாம், ஏரியையே எடுத்துவிடக் கூடாது.

சரி, ஆராய்ச்சியால் எங்கள் வயலுக்கு நேராக வந்த நன்மை ஒன்று சொல்லுங்கள்.

ஒரு குளவியின் கதை சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் என் பதில் முழுக்க இதில்தான் இருக்கிறது.

2020 ஏப்ரலில் கேரளத்தில், திருச்சூர் பக்கம், குச்சிக்கிழங்குச் செடியில் இந்தியாவில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அது சேலம், நாமக்கல், தர்மபுரி என்று நம் பக்கமும் வந்துவிட்டது. செடியின் குருத்து சுருண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, உச்சி ஒரு கொத்தாகக் கட்டிக்கொள்ளும். அப்படியே வளர்ச்சி நின்றுவிடும். இந்தப் பூச்சியில் ஆண் கிடையாது. ஒவ்வொன்றும் பெண், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். எங்கள் வயலில் முதல் கொத்தைப் பார்த்தபோது சத்துக் குறைபாடு என்றுதான் நானே நினைத்தேன். பத்து நாள் கழித்து வரிசை முழுக்க அப்படியே இருந்தது.

இதே பூச்சி 1970களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கோடிக்கணக்கான பேருக்கு இந்தக் கிழங்குதான் சோறு. நைஜீரியாவின் இபாதான் நகரில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் இருக்கிறது. அங்கே வேலை செய்த ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் பூச்சியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும், இந்தப் பூச்சி தன் சொந்த ஊரில் ஏன் இவ்வளவு பெருகவில்லை என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். தேடியபோது 1981ல் பராகுவே நாட்டில் விடை கிடைத்தது. அங்கே ஒரு மிகச் சிறிய குளவி இந்த மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கிறது. குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வெளியே வருகிறது. அனாகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை வளர்த்து ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் விட்டார்கள். கிழங்கு பிழைத்தது. 1995ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2008ல் தாய்லாந்துக்குள் இந்தப் பூச்சி நுழைந்தபோது அவர்களும் இதே குளவியைத்தான் வரவழைத்தார்கள். நம் முறை வந்தபோது, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியைக் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் வயலில் முதல்முதலாக அதைத் திறந்துவிட்ட இடம் நம் ஏத்தாப்பூர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆத்தூர் பஸ்ஸில் போகும்போது நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் ஊர்.

பராகுவேயில் கண்டெடுத்தது, நைஜீரியாவில் சோதித்தது, பெனினில் வளர்த்தது, பெங்களூரில் பரிசோதித்தது, ஏத்தாப்பூரில் விட்டது. நாற்பது வருட வேலை ஒரு சின்ன டப்பாவில் வந்து நம் வயலில் திறந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

மருந்து அடித்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடுமே?

முடியாது. மாவுப்பூச்சியின் மேல் மெழுகு மாதிரி வெள்ளைப் பூச்சு இருக்கிறது, மருந்துத் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். அது உட்காரும் இடமும் சுருண்ட குருத்தின் மடிப்புக்குள்தான். மேலே இருப்பது சாகும், உள்ளே இருப்பது மறுபடி பெருகும். மறுபடி மருந்து, மறுபடி செலவு. அதற்குள் மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டும் சிலந்தியும் செத்திருக்கும்.

குளவி சம்பளம் கேட்பதில்லை. ஒரு முறை ஊரில் நிலைத்துவிட்டால் தானே பூச்சியைத் தேடிப் போகும். ஆனால் ஒன்று, குளவி விட்ட வயலிலோ பக்கத்து வயலிலோ கடுமையான மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். அதனால் இது ஒரு ஆள் தனியாகச் செய்கிற காரியம் அல்ல, ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது.

வெளிநாட்டுப் பூச்சியை இறக்குவது ஆபத்தில்லையா? சீமைக்கருவேலத்தை அப்படித்தானே கொண்டுவந்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. உண்ணிச்செடியும் அழகுச் செடியாகத்தான் வந்தது. இன்றைக்கு ஏற்காட்டுச் சரிவுகளில் அது மண்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். அதனால்தான் இப்போது அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. முதலில் தனிமைக் கூடத்தில் வைக்கிறார்கள். அது வேறு எதைத் தாக்கும், தேனீக்கு ஏதாவது செய்யுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். இந்தக் குளவிக்கு இந்த மாவுப்பூச்சிதான் இரை. இரை குறைந்தால் அதுவும் குறையும்.

நமக்கு ஒரு முன் அனுபவமும் உண்டு. 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாவற்றையும் அது அரித்தது. 2010ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதற்கான ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அந்தப் பூச்சி அடங்கிவிட்டது. அந்த வெற்றி இருந்ததால்தான் இரண்டாவது முறை யாருக்கும் தயக்கம் வரவில்லை.

தேமல் நோய்க்கும் குளவி இருக்கிறதா?

இல்லை, அது வைரஸ். வெள்ளை ஈ பரப்பும். ஆனால் அதைவிட அதிகமாகப் பரப்புவது நாம்தான். போன வருடச் செடியிலிருந்து குச்சி வெட்டி நடுகிறோம், நோயும் குச்சியோடு வருகிறது. இலையில் மஞ்சள் தேமல் பார்த்த செடியிலிருந்து குச்சி எடுக்காதீர்கள் என்று நான் சொல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை.

இதில் ஆராய்ச்சி இரண்டு வழி காட்டியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1963லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த எச் 226 அவர்களுடைய ரகம்தான். தேமலைத் தாங்குகிற ஸ்ரீ ரக்ஷாவும் அவர்களுடையது. இன்னொரு வழி, குச்சியைப் பெருக்குகிற முறை. வழக்கமாக ஒரு செடியின் தண்டிலிருந்து பத்துச் செடி வரைக்கும் வளர்க்கலாம். இரண்டு கணு உள்ள சின்னத் துண்டுகளாக வெட்டி, நிழல்வலைக்குள் நாற்றாக வளர்த்து, நோய் கண்டதைப் பிடுங்கிவிட்டு நட்டால் அறுபது வரை வரும் என்று அந்த நிறுவனம் கண்டறிந்தது. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு பிளேடு, ஒரு நிழல்வலை, பொறுமை போதும். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் ஒரு ஊருக்கே சுத்தமான குச்சி கொடுத்துவிடலாம். ஏன் இன்னும் ஒவ்வொரு ஊரிலும் இது நடக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீர் நாற்றத்துக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு, வந்தும்விட்டது. கிழங்கைக் கழுவி அரைத்து மாவைப் பிரித்தெடுக்க ஏராளமான தண்ணீர் போகும். மிச்சத் தண்ணீரில் மாவும் சர்க்கரையும் கரைந்திருக்கும். கிழங்கில் இயற்கையாகவே உள்ள சயனைடு சார்ந்த பொருளும் கொஞ்சம் இருக்கும். இதைத் திறந்த குட்டையில் விட்டால் புளித்து நாறும், கிணற்றுக்கும் இறங்கும். கண்ணுக்குத் தெரியாமல் மீத்தேனும் மேலே போகும். பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலுவானது.

அதே தண்ணீரைக் காற்றுப் புகாத மூடிய தொட்டியில் விட்டால், நுண்ணுயிர்கள் அந்த மாவைத் தின்று மீத்தேனாக்கித் தருகின்றன. அதை எரித்து ஆலைக்கே சூடும் கரண்டும் எடுக்கலாம். சேலத்தில் பல ஆலைகள் இப்படிச் சாண எரிவாயு மாதிரியான கலன்களை வைத்திருக்கின்றன. ஆய்வகத்தில் பேராசிரியர்கள் சின்னக் கலத்தில் பார்த்த வேலைதான் இது, ஆலையில் பெரிதாக நிற்கிறது. மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பி ஏற்கெனவே மாட்டுத் தீவனமாகப் போகிறது. ஆக, கிழங்கில் வீணாவது என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை.

1981ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இந்தத் தொழிலுக்கு ஒரு சந்தையைக் கட்டிக் கொடுத்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகு, அந்தப் பெயருக்குள் சுத்தமான தண்ணீரும் அடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆலையில் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார்களே, அது அறிவியலா, ஏமாற்றா?

பாயிண்ட் என்பது கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்ற கணக்கு. அளவை முறை அறிவியல்தான். மாவு தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. அதனால் மாவு அதிகம் உள்ள கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் எடை கூடுதலாகக் காட்டும். வெளியே ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை, இரண்டையும் வைத்து மாவின் அளவைக் கணக்கிடலாம். கிழங்கில் மண் ஒட்டியிருந்தாலோ தராசு சரியில்லை என்றாலோ கணக்கு தப்பும்.

ஆனால் தராசு ஒரு பக்கத்தின் கையில் மட்டும் இருந்தால் நம்பிக்கை எப்படி வரும்? ஒரு வாளித் தண்ணீரும் நல்ல தராசும் இருந்தால் விவசாயியே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கல்லூரியாவது இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து, ஊர் ஊராகச் செய்து காட்டினால் அதைவிடப் பெரிய ஆராய்ச்சிப் பணி வேண்டாம் என்பேன்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதிலிருந்து இருநூறு வருடம் அந்த மலையில் காப்பி நிற்கிறது என்றால் மர நிழல் ஒரு முக்கியக் காரணம். அரபிகா செடிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. வெயில் படும் தண்டைத்தான் அது விரும்பி வரும், பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். நிழலைக் குறைத்தால் வண்டு கூடும். தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுப்பதும், சுண்ணாம்புக் கரைசல் அடிப்பதும் ஆராய்ச்சி சொன்ன வழிகள்தான். கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் 1925லிருந்து காப்பி ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அங்கிருந்து 2007ல் சந்திரகிரி என்ற ரகம் வந்தது.

நிழல் வண்டுக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும்தான். சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர்ப் பக்கம் போகும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. மேலே மரம் இருந்தால் மழை மெதுவாக மண்ணுக்குள் இறங்கும், இல்லாவிட்டால் ஒரே நாளில் சேறாக ஓடிவிடும். பலவகை நாட்டு மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் மட்டும் வரிசையாக வைப்பதை நான் ஏற்பதில்லை. மிளகு கொடிக்கு அது வசதி, தெரியும். ஆனால் பறவைக்கும் தேனீக்கும் அங்கே என்ன இருக்கிறது?

மலைமேல் ஆர்க்கிட் வளர்ப்பது யாருக்கு உபயோகம்?

இந்திய தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் 1963லிருந்து ஆர்க்கிட் வளர்க்கும் ஒரு தோட்டம் நடத்துகிறது. சுற்றுலா வந்தவர்கள் குடுவைச் செடியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் பிள்ளைகளை அழைத்துப் போனால் காட்டுவது வேறொன்று. வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று ஒரு மரம், பெயரிலேயே நம் மலை இருக்கிறது. சேர்வராயன் மலைக்கே உரிய மரம் அது. இங்கே போனால் உலகத்திலிருந்தே போனது. அதைப் பதியன் போட்டுக் காப்பாற்றி வைப்பது யாருக்கு உபயோகம் என்று கேட்டால், எனக்கு என்றுதான் சொல்வேன். என் பேத்திக்கும்.

சேலம் வெள்ளைக்கல்லில் ஏதோ விசேஷம் என்கிறார்களே?

மாமாங்கம், செட்டிச்சாவடிப் பக்கம் மண்ணில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட். மக்னீசியம் நிறைந்த பழைய பாறையும் கரியமில வாயு கரைந்த தண்ணீரும் சேர்ந்து உண்டான கல். அதாவது காற்றைச் சூடாக்கும் வாயுவை இயற்கை கல்லாக்கிப் பூட்டி வைத்திருக்கிறது. உருக்காலை உலைகளுக்கான செங்கல் செய்ய இதைச் சுடுகிறார்கள். சுடும்போது கல்லின் எடையில் பாதிக்கு மேல் அதே வாயுவாக வெளியே போய்விடும்.

ஐஸ்லாந்தில் இதைத் திருப்பிச் செய்து பார்த்தார்கள். 2012ல் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டு வருடத்துக்குள் 95 சதவீதத்துக்கும் மேல் கல்லாகிவிட்டது என்று 2016ல் அறிவித்தார்கள். சேலத்துப் பாறையில் அப்படிச் செய்யலாமா என்பது தனி ஆய்வு. பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூரிலிருந்து சுரங்க மேடுகள் கூப்பிடு தூரம்தான். நிலவியல் படிக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ட்ரோன், செல்போன் செயலி இதெல்லாம் தேவையா?

தேவைப்படும் இடத்தில் தேவை. 2018ல் அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் விலையும் மானிய விவரமும் தமிழில் பார்க்கலாம், நல்ல விஷயம். ஆனால் எது பெரிய தொழில்நுட்பம் என்பதைக் கருவியின் பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்துக் கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்துகொண்டே போனதற்கு ஒரு முக்கியக் காரணம், அதைக் குத்திப் புடைக்கப் பெண்கள் பட்ட பாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தோல் நீக்கும் சின்ன இயந்திரங்களைக் கொண்டுபோய் வைத்தது. உலக்கை பிடித்த கைக்கு ஓய்வு கிடைத்தது, தானியமும் மறுபடி அடுப்புக்கு வந்தது.

நாங்கள் மாணவர்கள். எதை ஆய்வு செய்வது?

முதலில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒரு கல்லூரியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து வயல் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துப் போனார்கள். எங்கள் அண்ணன் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். முடிவு வந்ததும் சொல்வதாகச் சொன்னார்கள். வரவே இல்லை. "அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா, அதையாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்று அண்ணன் இன்றைக்கும் கேட்பார். அவர்களுக்குப் பட்டம் கிடைத்திருக்கும். கிணறு எங்கள் ஊரில்தானே இருக்கிறது?

அதனால் தலைப்பு எதுவானாலும் சரி. மண் எடுத்த வீட்டுக்கு முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து சொல்லுங்கள். அப்படிச் சொல்ல முடியாத ஆய்வைத் தொடங்கவே வேண்டாம்.

தலைப்பு கேட்டால் சில சொல்கிறேன். ஏத்தாப்பூரில் விட்ட குளவி உங்கள் ஊர் வயலுக்கு வந்திருக்கிறதா என்று பருவத்துக்குப் பருவம் எண்ணிப் பாருங்கள். கலன் வைத்த ஆலைக்கும் வைக்காத ஆலைக்கும் பக்கத்துக் கிணறுகளில் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். சேர்வராயன் மலையில் சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு என்ற ஊர்த்தொகுதிகளின் பெரியவர்களிடம் போய் எந்தச் சுனை எந்த மாதத்தில் வற்றுகிறது, முன்பு எப்போது வற்றியது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள்.

என் வயலில் குருத்து சுருள்கிறது. இப்போது என்ன செய்ய?

சுருண்ட குருத்தைக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். பூச்சி உயிரோடு வெள்ளையாக, மென்மையாக இருந்தால் இலையோடு ஒரு பாலித்தீன் பையில் கட்டி ஏத்தாப்பூர் நிலையத்துக்கோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பையைத் திறந்தபடி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், வழியெல்லாம் பூச்சி உதிரும். அந்த வயலிலிருந்து யாருக்கும் குச்சி கொடுக்காதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும் சரி.

பூச்சி பழுப்பாக, உப்பி, கெட்டியாகக் காய்ந்திருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அதற்குள் குளவிக் குஞ்சு இருக்கலாம். மேலே குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு ஓட்டை தெரிந்தால் குளவி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குருத்தைப் பிடுங்கி எரிக்காதீர்கள். மருந்து டின்னை அப்படியே மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே செடியை மறுபடி போய்ப் பாருங்கள்.